அடுப்படியை ஊருக்குக் காட்டலாமா?

நம் சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து, காபி டம்ளரும் கையுமாக நின்றுகொண்டிருந்த நேரம். நண்பர் ஒருவர் கொதித்துப் போயிருந்தார். அவருடைய பேத்தி கைப்பேசியில் யாரோ கொரியத் தம்பதியின் வீடியோவைப் பார்க்கிறாளாம். "புருஷனும் பெண்டாட்டியும் காலையில் பல் தேய்ப்பதிலிருந்து ராத்திரி பாத்திரம் கழுவுவது வரை படம் பிடித்து இன்டர்நெட்டில் போடுகிறார்கள் சார். குடும்பம் என்றால் ஒரு மறைவு வேண்டாமா? வெட்கக்கேடு!" என்றார். சுற்றி நின்ற நாலைந்து பேரும் ஆமாம் போட்டார்கள். நானும் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டல் முழு நேர்மையானது அல்ல. இரண்டு வருடமாக என் வீட்டிலும் அதே வீடியோக்கள்தான் ஓடுகின்றன. அங்கே சொல்லத் துணியாததை இங்கே எழுதுகிறேன். அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. டிப்ளமா முடித்து ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து 37 வருடம் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் இருந்த நேரத்தைவிட டிராலியிலும் ரெஸ்ட் ஹவுஸிலும் இருந்த நேரமே அதிகம். ஆம்லா, பல்லார்ஷா, கடைசியில் நாக்பூர் என்று குவார்ட்டர்ஸ் மாறிக்கொண்டே இருந்தது. ராத்திரி வேலைக்குப் போனால் விடியற்காலையில் திரும்புவேன். சோறு இருக்கும், சட்டை தேய்த்து இருக்கும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டியாகி இருக்கும். எப்படி நடந்தது என்று ஒரு நாளும் கேட்டவன் இல்லை.

2020-ல் கொரோனா ஊரடங்கின்போது எங்கள் மருமகள் தன் மாமியாருக்குக் கொரியத் தொடர்களை அறிமுகம் செய்துவைத்தாள். தொடரில் ஆரம்பித்த பழக்கம், நிஜத் தம்பதிகள் போடும் வீடியோக்களில் வந்து நின்றது. "அதுல வர்றவங்க நடிகருங்க. இவங்க நிஜப் புருஷன் பொண்டாட்டிங்க" என்று என் மனைவி விளக்கம் சொன்னாள். மாலை நாலு மணிக்கு டீயோடு டி.வி. முன் உட்காருவாள். முதலில் நான் முணுமுணுத்துக்கொண்டே பேப்பர் படித்தேன். பிறகு பேப்பருக்கு மேலாகப் பார்த்தேன். இப்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டே பார்க்கிறேன்.

அப்படி அதில் என்னதான் இருக்கிறது? சொல்லப்போனால் ஒன்றுமே இல்லை. ஒரு சின்ன அடுக்குமாடி வீடு. பல வீடியோக்களில் முகமே தெரியாது. கழுத்துக்குக் கீழேதான் காமிரா. பேச்சும் குறைவு, அடியில் எழுத்து ஓடும். அரிசி களையும் சத்தம், பலகையில் கத்தி படும் சத்தம், குக்கர் ஆவி விடும் சத்தம். மனைவி முட்டையைப் பாய்போலச் சுருட்டிப் பொரிக்கிறாள். கணவன் துணி மடிக்கிறான். பிறகு குப்பையைப் பிரிக்கிறான். அங்கே 1995 முதல், குப்பை போடுவதற்கென்று விற்கும் பையைக் காசு கொடுத்து வாங்கி அதில்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் வேறு, காகிதம் வேறு, சாப்பாட்டு மிச்சம் வேறு. சாப்பாட்டு மிச்சத்தை எடை போட்டு, எடைக்குத் தகுந்த கட்டணம் கணக்கிடும் எந்திரம்கூடப் பல குடியிருப்புகளில் வைத்திருக்கிறார்கள். எஞ்சினியர் புத்தி, அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வேறு சிலர் புதுக்குடித்தன வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள். புதுவீடு போனதும் உறவையும் நட்பையும் அழைத்துச் சோறு போடும் வழக்கம் கொரியாவில் உண்டு. அதற்கு 'ஜிப்துரி' என்று பெயர். வருகிறவர்கள் கழிப்பறைக் காகிதமும் சோப்புத் தூளும் பரிசாகக் கொண்டுவருவார்கள். காகிதச் சுருள் பிரிவதுபோலக் காரியங்கள் சிக்கலில்லாமல் நடக்க வேண்டும், நுரை பொங்குவதுபோலச் செல்வம் பொங்க வேண்டும் என்பது ஐதீகம். இப்போது அதே ஜிப்துரி இன்டர்நெட்டுக்கு வந்துவிட்டது. 'இன்றைய வீடு' என்று பொருள்படும் பெயரில் 2014-ல் தொடங்கிய ஒரு சேவையில், இளம் தம்பதிகள் தங்கள் வீட்டின் மூலைமுடுக்கையெல்லாம் படம் போட்டு, எந்த அலமாரி எங்கே வாங்கினோம் என்று எழுதுகிறார்கள். அந்த வீடும் பெரும்பாலும் சொந்த வீடு அல்ல. 'ஜொன்சே' என்று ஒரு முறை. பெருந்தொகை ஒன்றை உடைமைக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது திரும்ப வாங்கிக்கொள்வது. நம் ஊரில் ஒத்திக்கு வீடு எடுப்பதுபோலத்தான்.

என் மனைவிக்கு இவர்கள்மேல் ஒட்டுதல் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொரியாவில் மனைவி கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. 'யொபோ' என்பார்கள், நம் 'என்னங்க' மாதிரி. பிள்ளை பிறந்துவிட்டால் பிள்ளையின் பெயரோடு 'அப்பா' சேர்த்துக் கூப்பிடுவார்கள். ஆம், அதே 'அப்பா'தான். தகப்பனாருக்குக் குழந்தைகள் சொல்லும் சொல்லும் அங்கே அதுதான். டி.வி.யில் ஒருத்தி அப்படிக் கூப்பிட்டபோது இவள் வாய்விட்டுச் சிரித்தாள். மூத்தவன் பிறந்த நாளிலிருந்து இவள் என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தானே!

இனி விஷயத்துக்கு வருகிறேன். இது வெட்கக்கேடா, இல்லையா?

இந்தத் தம்பதிகள் காட்டுவது படுக்கையறையை அல்ல. அடுப்படியை, கழுவு தொட்டியை, துணி காயும் பால்கனியை. அங்கே நடக்கும் வேலையை உலகம் எப்போதாவது கணக்கில் எடுத்திருக்கிறதா? ரயில்வேயில் கீமேன் என்று ஒரு தொழிலாளி உண்டு. தினமும் தன் எல்லைக்குள் தண்டவாளத்தை நடந்தே பார்த்து, கழன்ற கிளிப்பைச் சுத்தியலால் தட்டி இறுக்கிக்கொண்டு போவார். அவர் வேலை ஒழுங்காக நடந்தால் ஒன்றுமே நடக்காது. வண்டி போகும், வரும். பயணிகள் யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு நாள் அவர் வராவிட்டால்தான் அந்த வேலையின் அருமை தெரியும். வீட்டு வேலையும் அதே ரகம். செய்தால் தெரியாது, செய்யாவிட்டால்தான் தெரியும்.

கொரியாவில் இந்தக் கணக்கு நம்மைவிடப் பிரமாதம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்நாட்டு அரசின் 2019-ஆம் ஆண்டு நேரக் கணக்கெடுப்பின்படி, கணவன் மனைவி இருவருமே சம்பாதிக்கும் குடும்பங்களில்கூட, வீட்டு வேலைக்கு மனைவி நாளொன்றுக்கு 3 மணி 7 நிமிடம் செலவிடுகிறாள். கணவன் 54 நிமிடம். அதே 2019-ல் நம் இந்திய அரசு எடுத்த கணக்கில், வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்களின் சராசரி 299 நிமிடம், ஆண்களின் சராசரி 97 நிமிடம். அந்த 97 நிமிடமும் ஈடுபட்ட ஆண்களுக்கு மட்டும்தான். நூற்றுக்குச் சுமார் 26 ஆண்களே வீட்டு வேலையில் கை வைத்திருந்தார்கள். மிச்சம் 74 பேரில் நான் இருந்தேன்.

கொரியச் சட்டத்திலும் பெண் நிலை இப்படித்தான் நெடுங்காலம் இருந்தது. கல்யாணமான பெண்ணைக் கணவன் குடும்பத்தின் பதிவேட்டில், ஆணைத் தலைவனாக வைத்து எழுதும் முறை அங்கே இருந்தது. அது அரசியல் சாசனத்துக்குப் பொருந்தாது என்று 2005-ல் தீர்ப்பாகி, 2008 ஜனவரி முதல் தேதியோடுதான் ஒழிந்தது. சட்டம் ஒரே நாளில் மாறும். சமையலறை மாறுமா? பண்டிகை வந்தால் மாமனார் வீட்டில் மூதாதையர் படையலுக்கு மருமகள்கள் குனிந்த தலை நிமிராமல் பொரிப்பதும், ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து குடிப்பதும் தொடர்ந்தன. நம் வீட்டுத் திவச நாட்களை நினைத்துப் பார்த்தால் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கதையை 2017-ல் சு ஷின்-ஜி என்ற ஓவியர் படக்கதையாக வரைந்தார். பெயர் 'மியோனுராகி'. 'மியோனுரி' என்றால் மருமகள். பருவ வயது என்று ஒன்று வருவதுபோல, புகுந்த வீட்டில் நல்ல பெயர் வாங்கியே தீர வேண்டும் என்று துடிக்கும் 'மருமகள் பருவம்' என்று ஒன்று வரும் என்பது தலைப்பின் பொருள். அதை அவர் வெளியிட்ட விதம்தான் வேடிக்கை. கதைநாயகி மின் சா-ரின் என்ற புதுமணப்பெண், தானே இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் தன் அன்றாடத்தைப் போடுவதுபோல ஒவ்வொரு பகுதியாகப் போட்டார். மாமியார் பிறந்தநாளுக்கு விடியற்காலையில் எழுந்து கடற்பாசி சூப் வைக்கும் மருமகள். கொடுமைக்கார மாமியார் இல்லை, அடிக்கும் புருஷன் இல்லை. எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் வேலை மட்டும் அவள் தலையில். கற்பனைப் பெண் என்று தெரிந்தும் கொரியப் பெண்கள் அவளைத் தங்களில் ஒருத்தியாகவே பாவித்தார்கள். 2020-ல் அது தொடராகவும் வந்தது.

அந்த நாட்டில் 1996-ல் 4 லட்சத்து 34 ஆயிரம் கல்யாணங்கள் நடந்தன. 2023-ல் நடந்தது 1 லட்சத்து 93 ஆயிரம் சொச்சம். 2024-ல் கொஞ்சம் ஏறி 2 லட்சத்து 22 ஆயிரம். 2023-ல் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 0.72, சராசரிக்கு ஒரு குழந்தைகூட இல்லை. வீட்டு விலை, நீண்ட வேலை நேரம், படிப்புச் செலவு என்று காரணங்கள் பல. ஆனால் கல்யாணம் செய்துகொண்டால் பாத்திரம் யார் கழுவுவது என்ற கேள்வியும் அவற்றில் ஒன்று என்றே நான் கருதுகிறேன். ஓர் இளைஞன் முன்றானையைப் போலக் கவசத்துணி கட்டிக்கொண்டு சட்டி தேய்ப்பதைப் பத்தாயிரம் பேர் பார்க்கிறார்கள் என்றால், அதில் நான் வெட்கக்கேட்டைக் காணவில்லை. மாமியார் வீட்டில் நவம்பர் மாதம் மலைமலையாகக் கிம்ச்சி போடும் 'கிம்ஜாங்' வேலையில், மாப்பிள்ளையும் ரப்பர் கையுறை மாட்டி முட்டைக்கோஸ் இலைகளுக்கு நடுவே மிளகாய் விழுது தடவுவதைக் காட்டினால், பார்க்கும் மாப்பிள்ளைகளுக்கும் கொஞ்சம் உறைக்கும்.

ஆகவே நண்பர் சொன்னதில் பாதியை நான் மறுக்கிறேன். ஆனால் மறு பாதியில் நியாயம் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

இன்டர்நெட் வீடியோ என்றால் அதில் வியாபாரமும் சேர்ந்தே வரும். 2020 ஆகஸ்டில் கொரியாவில் பெரிய ரகளை ஆயிற்று. "நானே வாங்கினேன், நன்றாக இருக்கிறது" என்று பலர் காட்டிய சாமான்களுக்குக் கம்பெனிகள் மறைவாகப் பணம் கொடுத்திருந்தது அம்பலமாயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் முதல், பணம் வாங்கினால் அதைத் தெளிவாகப் போட வேண்டும் என்ற விதிமுறை அமலுக்கு வந்தது. விளம்பரம் நுழைந்த பிறகு அடுப்படி எவ்வளவு தூரம் நிஜம், எவ்வளவு தூரம் கடை ஜன்னல் என்று பார்ப்பவர் யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெரிய ஆபத்து வேறு. 2014-ல் ஒரு கொரிய ஆவணப்படம் வந்தது. 'அன்பே, அந்த ஆற்றைக் கடக்காதே' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஜின் மோ-யங் எடுத்தது. 98 வயதுத் தாத்தா, 89 வயதுப் பாட்டி, 76 வருடத் தாம்பத்தியம். இருவரும் ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு, இலை பெருக்கும்போது ஒருவர்மேல் ஒருவர் இலையை வாரி இறைத்து விளையாடுவார்கள். தாத்தாவின் மரணத்தோடு படம் முடிகிறது. 48 லட்சம் பேர் தியேட்டரில் பார்த்தார்கள். அப்புறம் என்ன? தனியாக இருந்த பாட்டியைத் தேடி ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். தயவுசெய்து அவரைத் தேடிப் போகாதீர்கள் என்று படமெடுத்தவரே பகிரங்கமாகக் கெஞ்ச வேண்டியதாயிற்று. அதற்கு முன் 2009-ல், ஒரு கிழவர், அவர் மனைவி, அவர்களுடைய வயதான மாடு ஆகியோரைப் பற்றிய 'வொனாங் சோரி' படத்துக்குப் பிறகும் இதே கதைதான். பார்த்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. அன்பினால்தான் போனார்கள். அன்பினால் போகிறவனுக்கும் கதவைத் தட்ட வேண்டும் என்று தோன்றுவதில்லை.

இதை எழுதும் அருகதை எனக்குக் குறைவு. நானே அந்தத் தப்பைச் செய்தவன்.

போன மார்கழியில் ஒரு நாள் காலை என் மனைவி வெண்பொங்கலுக்கு மிளகு இடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே நல்ல வெளிச்சம். கொரியாக்காரர் வீடியோ மாதிரியே இருக்கிறதே என்று தோன்ற, கைப்பேசியை டப்பா அலமாரியில் சாய்த்து வைத்து நாலு நிமிடம் எடுத்தேன். அவளைக் கேட்கவில்லை. உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அறுபது பேருக்கு மேல் இருக்கும் குழு. கைகூப்பும் படங்களும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. எனக்கு ஒரே பெருமை.

மத்தியானம் அவள் தங்கை போன் செய்தாள். "அத்தான், அக்கா கை ஏன் அப்படி நடுங்குது? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். கரண்டியைப் பிடிக்கும் வலது கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. தண்டவாளத்தில் மயிரிழை வெடிப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். தினமும் மூன்று வேளை அந்தக் கையால் பரிமாறிச் சாப்பிட்டும் பார்க்கவில்லை. விசாரித்தால், ஆறு மாதமாக இருக்கிறதாம். "சொன்னா நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லலை" என்றாள். டாக்டரிடம் போனோம், மாத்திரை கொடுத்திருக்கிறார், பயப்படும்படி இல்லை என்றார்.

ஆனால் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். "எடுக்கிறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அந்தப் பழம்புடவையும் தலை வாராத முகமுமா அறுபது பேர் பார்த்தாங்க. அதுகூடப் போகட்டும். என் கை நடுங்குறது ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பிறகுதான் உங்களுக்குத் தெரியணுமா? கேமரா வழியாத்தான் என்னைப் பார்ப்பீங்களா?"

பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

வீடியோ எடுத்திருக்காவிட்டால் அந்த நடுக்கம் எனக்கு இன்னும் எத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்குமோ. ஆகவே காமிராவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், அவள் மறைத்துவைத்த ஒன்றை அவள் அனுமதியில்லாமல் ஊருக்குக் காட்டியதும் அதே காமிராதான், அதைப் பிடித்த கையும் என் கைதான்.

நம் சங்கக் குடும்பங்களிலும் இளம் தம்பதிகள் இப்படி வீடியோ போட ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கிழவனின் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, எடுப்பதற்கு முன் ஒரு தடவை, ஊருக்குப் போடுவதற்கு முன் இன்னொரு தடவை, இரண்டு தடவையும் துணையைக் கேளுங்கள். முதல் சம்மதம் இரண்டாவதற்குப் போதாது. கொரியத் தம்பதிகளில் பலர் முகத்தைக் காட்டாமல் கைகளை மட்டும் காட்டுவதில் ஒரு விவேகம் இருக்கிறது.

இரண்டு, சின்னக் குழந்தைகளையும் வயதானவர்களையும் நோயையும் சண்டையையும் அதில் கொண்டுவராதீர்கள். கேட்டால் மறுக்கத் தெரியாதவர்கள், மறுக்க முடியாதவர்கள் முன்னால் காமிராவை நீட்டுவது தர்மம் அல்ல.

மூன்று, இது ஆண்பிள்ளைகளுக்கு. வீடியோவில் பாத்திரம் கழுவினால், காமிராவை அணைத்த பிறகும் கழுவுங்கள். யாரும் பார்க்காத செவ்வாய்க்கிழமை ராத்திரியிலும் கழுவுங்கள்.

கொரியாவில் மே மாதம் 21-ஆம் தேதியைத் தம்பதியர் தினம் என்று 2007 முதல் அரசே குறித்துவைத்திருக்கிறது. குடும்ப மாதமான மே மாதத்தில், இரண்டு பேர் ஒன்றாகிறார்கள் என்பதற்காக 2-ம் 1-ம் சேர்ந்த 21. நல்ல எண்ணம்தான். ஆனால் வருடத்தில் மீதி 364 நாளும் தொட்டியில் பாத்திரம் விழுந்துகொண்டே இருக்கிறது.

எங்கள் வீட்டில் ராத்திரிப் பாத்திரம் இப்போது என் பொறுப்பு. முதல் மாதம் இரண்டு பீங்கான் தட்டு உடைந்தது. வாணலியின் அடிக்கரி போவதில்லை என்ற புகார் இன்னும் இருக்கிறது. நாலு மணிக்குக் கொரியத் தம்பதிகளை வழக்கம்போலப் பார்க்கிறோம். நேற்று அந்தக் கணவன் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தபோது இவள் திரும்பிச் சொன்னாள்: "பாருங்க, அடியில எப்படித் தேய்க்கிறான்னு. கத்துக்கங்க."

பொங்கல் விழாவில் கொதித்த நண்பருக்கு என் தாழ்மையான பதில் இதுதான். பேத்தி பார்க்கட்டும், பாதகமில்லை. ஒரு நாள் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிறகு எழுந்துபோய் உங்கள் வீட்டு அடுப்படியையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். கைப்பேசியைக் கூடத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள்.